பெரிய போன், சின்னக் கை: கையில் நிற்கிற பெரிய போனை வடிவமைப்பது எப்படி

ஆத்தாவுக்கு 6.7 அங்குலப் போன் வாங்கிக் கொடுத்தது நான்தான். எழுத்து பெரிதாகத் தெரியும், பேரப்பிள்ளைகளை வீடியோவில் நன்றாகப் பார்க்கலாம் என்ற நினைப்பு. மூன்றாம் நாள், வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நடந்துகொண்டே பேசியவர் கை மாற்றும்போது நழுவவிட்டார். கீழே ஆத்தங்குடிக் கல், எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிமென்ட் தரைக்கல். அந்தத் தரை பார்க்கத்தான் பூப்போட்ட பாய் மாதிரி இருக்கும், மேலே விழுகிற போனுக்கு அது பாறை. "தாம்பாளம் மாதிரி இருக்கு, இத ஒத்தக் கையில புடிச்சு என்னத்தப் பேசுறது" என்றார் ஆத்தா. என் தொழிலே பொருள் வடிவமைப்பு, அதனால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைத்தது.

அதற்குப் பிறகு ஒரு வேலைக்காகப் பெரிய போன் ஒன்றின் வெளி வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டி வந்தது. சென்னை அலுவலகத்தில் கணினியில் வரைந்ததைவிடக் காரைக்குடியில் மரக்கட்டையை வைத்துக்கொண்டு அலைந்த மூன்று வாரத்தில்தான் அதிகம் தெரிந்துகொண்டேன். பொருள் வடிவமைப்பு படிக்கிறவர்கள், சொந்தமாகக் கையடக்கக் கருவி செய்கிறவர்கள் (பஸ் டிக்கெட் கருவி, கடைக் கார்டு கருவிக்கும் இதே கணக்குதான்), சும்மா தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் எல்லோருக்கும் அந்த வழியை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் மூலைவிட்டத்தை மறந்துவிடுங்கள்

6.7 அங்குலம், 6.9 அங்குலம் என்று கடையில் சொல்வது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரையுள்ள அளவு. கைக்கு அந்த அளவு தெரியாது. கைக்குத் தெரிவது அகலம், தடிமன், எடை மூன்றும்தான். இந்த மூன்றில் அகலம்தான் ராசா.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய 16:9 (நீளத்துக்கு அகலம்) விகிதத்தில் 6 அங்குலத் திரை செய்தால் திரையின் அகலம் கிட்டத்தட்ட 75 மி.மீ. வரும். 20:9 விகிதத்தில் 6.7 அங்குலம் செய்தால் அகலம் 70 மி.மீ.தான். பரப்பளவில் இரண்டாவதுதான் பெரிது, ஆனால் கையில் அது சிறிதாகத் தெரியும். 2016-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்7-க்கு 5.1 அங்குலத் திரை, உடலின் அகலம் 69.6 மி.மீ. அடுத்த ஆண்டு எஸ்8-ல் திரை 5.8 அங்குலமானது, அகலமோ 68.1 மி.மீ.க்குக் குறைந்தது. திரையை நெட்டுவாக்கில் நீட்டி, ஓரத்து விளிம்பைச் சுருக்கியதால் வந்த லாபம் இது. 2011-ல் முதல் கேலக்ஸி நோட் 5.3 அங்குலத் திரையோடு வந்தபோது அகலம் 83 மி.மீ. அதைக் காதில் வைத்துப் பேசியவர்களைப் பார்த்து எத்தனை பேர் சிரித்தார்கள்! ஐபோன் 16 புரோ மேக்ஸின் திரை 6.9 அங்குலம், ஆனால் அகலம் 77.6 மி.மீ.தான்.

நம் ஆட்களுக்கு இது புதிதே இல்லை. ஓலைச்சுவடி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அகலம் சில விரற்கடைதான், அதனால் ஒரு கையில் பிடித்துக்கொண்டு படிக்கலாம்.

அப்படியானால் நீட்டிக்கொண்டே போகலாமா என்றால், முடியாது. நீளம் கூடினால் மேல் பாதிக்குக் கட்டைவிரல் போகாது, தலை கனக்கும், சட்டைப் பையில் நிற்காது. என் சட்டைப் பையின் ஆழம் 14 செ.மீ., இன்றைய பெரிய போனின் நீளம் 16 செ.மீ. குனிந்தால் போச்சு.

அகலத்தைக் குறைப்பதிலும் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். தமிழ்99 விசைப்பலகையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, அதற்கு மேல் கிரந்த எழுத்து வேறு. ஒரு வரிசையில் 11 விசை வைத்தால் 70 மி.மீ. திரையில் ஒரு விசைக்கு 6.4 மி.மீ. கிடைக்கும். ஆங்கிலத்துக்கு 10 விசைதான், ஆளுக்கு 7 மி.மீ. திரையை 66 மி.மீ. ஆக்கினால் தமிழ் விசை 6 மி.மீ.க்கு இறங்கிவிடும். கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டி தொடுமிடத்துக்குச் சொல்வது சுமார் 9 மி.மீ. விசைப்பலகையில் அது யாருக்கும் வாய்க்காது என்றாலும், இருப்பதிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டர் குறைகிறபோதும் 'ல' அடிக்கப் போய் பக்கத்து 'ர' விழும். அதனால் திரையகலம் 68 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. தமிழில் தட்டச்சு செய்யாத வடிவமைப்பாளர் 65 என்பார், அவரோடு சண்டை போடுங்கள்.

கைகளை அளப்பது

புத்தகத்தில் கை அளவுகள் கிடைக்கும், ஆனால் உலகம் முழுக்கப் பலரும் எடுத்தாள்வது அமெரிக்கப் படையினரின் அளவுகளை. இந்தியர்களின் உடல் அளவுகளை அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகம் 1997-ல் தொகுத்து வெளியிட்டது, தொடங்க அது நல்லது. அப்புறம் தெருவில் இறங்கி நீங்களே அளந்துவிடுங்கள்.

தினசரிக் காலண்டரின் பின்னட்டை இருக்கிறதே, அதை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி 8 மி.மீ. தடிமனுக்கு ஐந்து பலகை செய்யுங்கள். அகலம் 66, 70, 74, 78, 82. நீளம் எல்லாவற்றுக்கும் ஒன்றே, 162. எந்தப் பலகையிலும் எண் எழுதாதீர்கள், எழுதினால் "பெருசுதான் நல்ல போன்" என்று எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆளைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். நடுவிரல் நுனி பின்பக்கம் சுற்றிவந்து எதிர் ஓரத்தைத் தாண்டி முன்பக்கம் எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். எட்டிப் பார்த்தால் அது பிடி. ஓரத்தோடு நின்றுவிட்டால் அது ஏந்தல், தாம்பாளத்தை ஏந்துவது மாதிரி. ஆத்தா சொன்னது அதைத்தான்.

யாரை அளப்பது என்பதும் முக்கியம். நான் ஆத்தங்குடியில் கல் ஊற்றுகிறவர், பனையோலையில் கொட்டான் (சின்னக் கூடை) பின்னுகிற பெண்கள், பஸ் நடத்துநர், கல்லூரிப் பிள்ளைகள், சமையல்காரர் என்று முப்பது பேரிடம் பலகையை நீட்டினேன். கொட்டான் பின்னுகிறவர்களின் விரல் மெலிசு, ஆனால் பிடி இரும்பு. கல் ஊற்றுகிறவரின் கை அகலம், ஆனால் சிமென்ட்டில் தோல் காய்த்துப்போய் மெல்லிய விளிம்பு அவருக்கு உணர்வதே இல்லை. முப்பது பேரின் சராசரியை எடுத்துவிடாதீர்கள், சராசரிக் கை என்று ஊரில் யாருக்கும் கிடையாது. எட்ட வேண்டியவை எல்லாவற்றுக்கும் (அகலம், பொத்தான் இருக்கும் உயரம்) சின்னக் கையை அளவாக வையுங்கள். தொட வேண்டியவை எல்லாவற்றுக்கும் (பொத்தானின் அளவு, திரையில் தொடுமிடம்) தடித்த விரலை அளவாக வையுங்கள்.

இன்னொன்று, உறையைச் சேர்த்து அளக்க மறக்காதீர்கள். நம் ஊரில் போன் வாங்கிய கையோடு பவுச் போடாதவர் அபூர்வம். உறை ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ. என்றாலே 75 மி.மீ. போன் 78 ஆகிவிடும். சுற்றளவாகப் பார்த்தால், 75-க்கு 8 உள்ள போனைச் சுற்றி ஒரு நூலைப் போட்டால் 166 மி.மீ. வரும். உறையோடு 78-க்கு 10 என்றால் 176. ஒரு செ.மீ. வித்தியாசம். கணினித் திரையில் அழகாகத் தெரிகிற போன் எதுவும் உறையோடு வரையப்பட்டதில்லை.

மரக்கட்டையும் 10 ரூபாய் நாணயமும்

அகலம் ஓரளவு பிடிபட்டதும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு மரத்துக்குப் போங்கள். அட்டையில் எடை இல்லை, விளிம்பும் இல்லை. முப்பரிமாண அச்சு எந்திரம் இருந்தால் அதுவும் சரி, எனக்குத் தேக்குதான் வசதி. பழைய வீடு இடிக்கிற இடத்தில் துண்டுத் தேக்கு கிடைக்கும், மரம் இழைக்க ஆசாரிக்கு இங்கே பஞ்சமில்லை.

162-க்கு 75-க்கு 8 மி.மீ. தேக்குக் கட்டை அறுபது கிராம் சொச்சம்தான் வரும். அதே அளவுள்ள உண்மையான போன் 200 கிராமைத் தொடும். வெறும் கட்டையைக் கையில் கொடுத்தால் யாரும் "ஆகா, என்ன சுகம்" என்றுதான் சொல்வார்கள், ஏமாந்துவிடாதீர்கள். எடை ஏற்ற வேண்டும், அதுவும் சரியான இடத்தில். நான் ஈயம், போல்ட்டு, நட்டு எல்லாம் முயன்று பார்த்துவிட்டுக் கடைசியில் வந்து நின்றது 10 ரூபாய் நாணயத்தில். ஒன்று 7.71 கிராம், விட்டம் 27 மி.மீ. பாதிக் கடையில் வாங்க மாட்டேன் என்கிற காசு, இதற்காவது ஆகட்டும். கட்டையின் பின்பக்கம் 6 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு வரிசையில் மூன்று மூன்றாக ஆறு குழி, குழிக்கு மூன்று காசு, மொத்தம் 18 காசு. தோண்டிய மரத்தைக் கழித்துவிட்டால் கட்டை 190 கிராமுக்கு வந்து நிற்கும். மேலே ஒட்டுநாடா போட்டு மூடிவிட வேண்டியது.

இப்படி மூன்று கட்டை செய்யுங்கள். ஒன்றில் குழிகள் நடுவில், ஒன்றில் ஒன்றரை செ.மீ. மேலே, ஒன்றில் ஒன்றரை செ.மீ. கீழே. மூன்றுக்கும் எடை ஒன்றே. ஆனால் கையில் வாங்கிய யாரும் மூன்றும் ஒரே எடை என்று நம்ப மாட்டார்கள். தலைகனத்த கட்டையைத்தான் பாரம் என்பார்கள். காரணம் எளிது, நாம் போனைக் கீழ்ப்பாதியில் பிடிக்கிறோம், சுண்டுவிரலை அடியில் முட்டுக் கொடுக்கிறோம். எடை மேலே போகப்போக அது பின்னால் சாயப் பார்க்கும், அந்தச் சாய்வை நாள் முழுக்க மணிக்கட்டும் கட்டைவிரல் அடியும் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நீளக் கரண்டியின் நுனியில் குழம்பை மொண்டு அப்படியே பிடித்துக்கொண்டு நில்லுங்கள், புரிந்துவிடும்.

இதுதான் இன்றைய பெரிய போன்களின் நோய். கேமராக் கூட்டம் முழுக்க மேலே. மின்கலம்தான் ஒற்றை உறுப்பாக மிகக் கனமானது, 5000 மில்லி ஆம்பியர் மணி மின்கலம் ஏறக்குறைய 70 கிராம். அதாவது போனின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. அதைக் கொஞ்சம் கீழே தள்ளினால் சமன் வரும், ஆனால் கீழே சார்ஜ் துளை, ஒலிபெருக்கி, அதிர்வு மோட்டார் எல்லாம் இடத்துக்கு அடித்துக்கொள்ளும். இந்த இடத்தில் மின்பொறியாளரோடு உட்கார்ந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பேரம் பேசுங்கள், வடிவமைப்பாளர் சம்பளம் வாங்குவதே அதற்குத்தான். (1953 முதல் காரைக்குடியில் இருக்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகம், லித்தியம் மின்கலத்தில் ஆராய்ச்சி செய்கிறது. அதே மின்சாரத்தைப் பாதி எடையில் அவர்கள் அடைத்துக் கொடுத்துவிட்டால் இந்தப் பத்தியே தேவைப்படாது.) செய்த மாதிரியை ஒரு பென்சில் மேல் குறுக்கே வைத்து எங்கே சமன் நிற்கிறது என்று கோடு போடுங்கள். நடுவுக்குச் சற்றுக் கீழே நின்றால் எனக்குத் திருப்தி. நடுவுக்கு ஒரு செ.மீ. மேலே போனால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மொத்த எடையும் சும்மா இல்லை. ஐபோன் 14 புரோ மேக்ஸ் எஃகுச் சட்டத்தோடு 240 கிராம். அடுத்த ஆண்டு டைட்டானியத்துக்கு மாறி 221 ஆனது. வெறும் 19 கிராம், இரண்டரைக் காசு. கையில் எடுத்த உடனே தெரிந்தது.

விளிம்பு, முதுகு

என் முதல் வரைபடத்தில் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது, படத்தில் மெலிசாகத் தெரியும் என்பதால். ஆசாரியிடம் கொடுத்துவிட்டு மறுநாள் போனால் நாலு ஓரத்தையும் அரத்தால் மழுக்கி வைத்திருந்தார். நான் அப்படிக் கேட்கவில்லையே அண்ணே என்றால், "கதவு நெலைக்கே ஓரம் தட்டாமக் குடுக்க மாட்டோம், கையில வச்சிருக்கிற சாமானுக்கு விடுவாகளாப்பு?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பக்கவாட்டுச் சட்டம் தட்டையாக இருப்பது நல்லதுதான், விரலுக்குப் பிடிமானம் கிடைக்கும். ஆனால் சட்டமும் முதுகும் சேரும் இடம்தான் உள்ளங்கையில் அழுந்துகிறது, அங்கே 2 முதல் 3 மி.மீ. ஆரத்துக்கு மழுக்குங்கள். கீழ் மூலைகள் இரண்டையும் இன்னும் தாராளமாக உருட்டுங்கள், அதில் ஒன்று எப்போதும் உள்ளங்கையைக் குத்திக்கொண்டே இருக்கும்.

முதுகை நடுவில் தடித்து ஓரத்தில் மெலிய விட்டால் உள்ளங்கைக் குழியில் போய் உட்காரும். 2013-ல் வந்த மோட்டோ எக்ஸ் அப்படித்தான், நடுவில் 10.4 மி.மீ. தடிமன், ஓரம் மெலிசு, கையில் தடிமனே தெரியாது. ஆனால் மேசையில் வைத்துத் தொட்டால் ஆடும். மேசையில் ஆடினால் ஆடட்டும், மனிதர்கள் போனை வைத்திருப்பது கையில்தானே என்பது என் கட்சி. தடிமனுக்குப் பயப்படாதீர்கள், அகலத்தில் மூன்று மி.மீ. கூட்டுவதைவிடத் தடிமனில் ஒன்று கூட்டுவது மேல்.

வழவழப்பில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எங்கள் ஊர் வீட்டுச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பூச்சு இருக்கும், கையால் தடவத் தடவ ஆசையாக இருக்கும். அது சுவருக்குச் சரி. பளபளக்கும் கண்ணாடி வியர்வை பட்டதும் வழுக்கும், மங்கல் கண்ணாடி காய்ந்த கையில் வழுக்கும். மாதிரிக் கட்டையின் முதுகில் வெவ்வேறு பரப்புகளை ஒட்டி, காய்ந்த கை, சித்திரை வெயில் வியர்வைக் கை, வெள்ளைப் பணியாரம் தின்ற கை என்று மூன்றிலும் பாருங்கள். தோல் மாதிரி மெத்தென்ற பரப்பு மூன்றிலும் தாக்குப் பிடித்தது, அழுக்கும் சீக்கிரம் பிடித்தது.

கட்டைவிரல் எட்டுகிற தூரம்

ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் 2013-ல் பொது இடங்களில் 1,333 பேர் போன் பிடிப்பதைக் கவனித்து எழுதினார். திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் ஒற்றைக் கை, 36 சதவீதம் ஒரு கையில் ஏந்தி மறு கையால் தொடுவது, 15 சதவீதம் இரண்டு கையும். அன்றைய போன்கள் சிறியவை, ஆனாலும் இதில் கவனிக்க வேண்டியது, ஒரே ஆள் நிமிஷத்துக்கு நிமிஷம் பிடியை மாற்றுகிறார் என்பது. பிடி மாற்றும் அந்த நொடியில்தான் போன் விழுகிறது. ஆத்தாவின் போன் விழுந்ததும் அப்படித்தான். ஆகவே பிடி மாற்ற வேண்டிய தேவையையே குறையுங்கள்.

மின்பொத்தான் (பவர் பட்டன்) உச்சியில் இருக்கவே கூடாது. ஆப்பிள் 2014-ல் ஐபோன் 6-ல் திரையைப் பெரிதாக்கியபோது மேலே இருந்த பொத்தானைப் பக்கத்துக்குக் கொண்டுவந்தது, எல்ஜி அதற்கு முந்தைய ஆண்டே ஜி2-ல் முதுகுக்குக் கொண்டுபோனது. பக்கத்தில் வைக்கிறீர்கள் என்றால் சின்னக் கைக்காரரைப் பிடிக்கச் சொல்லி, அவர் கட்டைவிரல் இயல்பாகப் படுகிற இடத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள், அங்கேதான் மின்பொத்தான். ஒலிப் பொத்தான் அதற்கு மேலே போகட்டும். திரைக்குள் இருக்கும் கைரேகை உணரியையும் ரொம்பக் கீழே வைக்காதீர்கள், கட்டைவிரலை மடக்கித் தேட வேண்டி வரும்.

மென்பொருளில் ஒரே விதிதான்: மேல்பாதி பார்க்க, கீழ்ப்பாதி தொட. சாம்சங் 2018-ல் தன் போன்களுக்கு அறிவித்த ஒன் யுஐ என்ற திரை அமைப்பு இதைத்தான் செய்தது. ஆப்பிளின் சஃபாரி உலாவியில் முகவரிப் பட்டை 2021-ல் கீழே இறங்கியதும் இதற்காகத்தான். திரையையே கீழே இழுக்கும் வசதி, ஒற்றைக் கைக்குச் சுருங்கும் வசதி எல்லாம் இருக்கட்டும், ஆனால் அவற்றை நம்பி மேல் மூலையில் முக்கியப் பொத்தானை வைக்காதீர்கள். அந்த வசதி இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. இடக்கைக்காரர் ஒருவரையாவது கூப்பிட்டுச் சோதியுங்கள்.

ஒரு வாரம் கொடுத்துவிடுங்கள்

இரண்டு நிமிஷம் கையில் பிடித்துவிட்டு "நல்லாருக்கு" என்று சொல்வதற்கு மதிப்பே கிடையாது. கட்டையை ஒரு வாரம் கொடுத்து, போன் எடுக்கிற போதெல்லாம் இதையும் எடுக்கச் சொல்லுங்கள். தேவகோட்டை பஸ்ஸில் ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் இது. சந்தையில் பையோடு நின்று காசு செலுத்த ஸ்கேன் செய்வது மாதிரி. மல்லாந்து படுத்து முகத்துக்கு மேலே, விழுந்தால் மூக்கில் படும் தூரத்தில். இடுப்பில் செருகுகிறவர் செருகட்டும்.

ஒன்று மட்டும், கட்டைக்கு மெருகெண்ணெய், வார்னிஷ் எதுவும் பூசாதீர்கள். வெறும் மரமாகவே கொடுங்கள். ஒரு வாரத்தில் கை படுகிற இடமெல்லாம் கறுத்துவிடும், எந்தக் கேள்வித்தாளும் சொல்லாததை அந்தக் கறை சொல்லும். யாரையும் நேரில் கேட்டால் "சாதாரணமாத்தான் புடிப்பேன்" என்பார்கள்.

ஆத்தாவிடம் கொடுத்த கட்டை திரும்பி வந்தபோது இடப்பக்கக் கீழ் மூலை மஞ்சளாக இருந்தது, சமையல்கட்டிலிருந்து அப்படியே வந்து எடுத்திருக்கிறார். அடிப்பக்கத்தில் சுண்டுவிரல் முட்டுக் கொடுத்த இடத்தில் இன்னொரு மஞ்சள் கோடு, இரண்டு செ.மீ. நீளத்துக்கு. வரைபடத்தை விரித்து அதன்மேல் கட்டையை வைத்துப் பார்த்தேன். ஒலிபெருக்கித் துளைகளை நாங்கள் வைத்திருந்தது சரியாக அந்தக் கோட்டின் மேலேதான்.